ரப்பர் முறித்த விளையில் அடுத்து என்ன நடலாம்?

இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். குலசேகரத்தில் 60 சென்ட் விளையை (தோட்ட நிலத்தை) அப்படியே போட்டுவிட்டு வளைகுடாவில் வேலை பார்க்கும் என் சித்தி மகன். அப்புறம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டைச் சுற்றி 35 சென்ட். மூன்று பேருடைய ரப்பரும் வயதாகி, மரத்தை முறிக்கும் முன் மிச்சப் பாலையும் எடுக்கும் கடைசிக் கடும்வெட்டும் முடிந்துவிட்டது. மரத்தை வியாபாரிக்குக் கொடுத்தாயிற்று, அல்லது கொடுக்கப் போகிறார்கள். "இனி என்ன வைக்க?" என்பதுதான் கேள்வி.

மூன்று பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் மூன்று பேரிடமும் ஒன்றைச் சொன்னேன்: அவசரப்பட்டு நாற்று வாங்காதீர்கள். நெல்லோ மரச்சீனியோ (மரவள்ளி) தப்பாகப் போனால் ஒரு வருடத்தோடு போகும். ரப்பரில் பால் வெட்ட ஏழு வருடம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு இருபது, இருபத்தைந்து வருடம் வெட்டலாம். இப்போது நடும் மரத்தை முறிக்கப் போவது பெரும்பாலும் நம் பிள்ளைகள். 1987-ல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் நீடித்த வளர்ச்சிக்கு ஒரு விளக்கம் சொன்னது. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது, வரப்போகும் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். பாடப் புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு எங்கோ இருக்கும் உலகத்துக்கான பேச்சாகத் தெரிந்தது. மரம் முறித்த விளையில் நின்று பார்த்தால் அது நம் வீட்டுக் கணக்கு.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை வைத்து மட்டும் முடிவு செய்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அடிபட்டிருக்கிறார்கள். அதனால் நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, ஆள். விடியற்காலையில் விளையில் இறங்கப் போவது யார்? நீங்களா, கூலியாளா, யாருமே இல்லையா? மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, முதல் காசு எப்போது வரும், அதுவரை வீடு எப்படி ஓடும்.

மூன்றாவது, விலை சரிந்தாலோ காற்று அடித்தாலோ எவ்வளவு மிஞ்சும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த இரவை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

நான்காவது, மண்ணும் கிணறும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகள் பெரும்பாலும் சரிவில் இருக்கின்றன. மூடாக்கு இல்லாத சரிவில் இரண்டு மழை விழுந்தால் மேல்மண் கீழ்விளைக்காரருக்குச் சொந்தமாகிவிடும்.

ஐந்தாவது, அந்த விளையில் நம்மைத் தவிர வேறு யார் பிழைக்க முடியும். தேனீ, குருவி, வௌவால், மண்புழு, மரநாய். இதைப் பலர் கடைசியில் தர்மக் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு இது வேலையாள் கணக்கு. மகரந்தம் சேர்ப்பது, புழுவைத் தின்பது, சருகை உரமாக்குவது எல்லாம் சம்பளம் வாங்காமல் நடக்கும் வேலை. உயிர்வகைகள் குறையக் குறைய அந்த வேலைகளை நாம் காசு கொடுத்துச் செய்ய வேண்டி வரும்.

## மறுபடியும் ரப்பர் மட்டும்

ரப்பரை வில்லனாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்ததும், எத்தனையோ ஓட்டு வீடுகள் வார்ப்பு வீடுகளானதும் ரப்பர்ப் பாலில்தான். செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. மரத்தில் வடியும் பால் வெயிலிலும் மழையிலும் விளைவது, எடுக்க எடுக்க ஊறுவது. வயதான மரத்தின் தடியும் வீணாவதில்லை. மருந்தூட்டி மேசை நாற்காலி செய்கிறார்கள், மிச்சம் விறகாகப் போகிறது. பழகிய பயிர், தெரிந்த வியாபாரி, ஷீட்டோ (பாலை உறையவைத்துக் காயவைத்த தகடு) ஒட்டுப்பாலோ (வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியது) கொண்டுபோன அன்றே காசு. பெரிய பலம் இது. ரப்பர் வாரியம் நடவுக்குத் தரும் உதவியும் உண்டு. அதன் இன்றைய விதியை மார்த்தாண்டத்திலுள்ள வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலில் விலை. 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240-ஐத் தாண்டியது. விலை ஏறியிருக்கும் வருடத்தில் நட்டவருக்கு ஏழு வருடம் கழித்து என்ன விலை கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் பால் வெட்டும் மரம் 180, வருடம் 110 வெட்டு நாள், 600 கிலோ ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கூலி மரத்துக்கு 3 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 540, வருடத்துக்கு 59,400. கிலோ 200 ரூபாய்க்கு விற்றால் 1,20,000 வரும். கூலி போக ஏறக்குறைய பாதி கையில் நிற்கும். கிலோ 100 ரூபாய் என்றால் வருவது 60,000. கூலி போக 600 ரூபாய். ஆசிட், மழைக்காப்புப் பிளாஸ்டிக், உரம் எல்லாம் அதற்குள். உங்கள் ஊர்க் கூலியையும் உங்கள் மரத்தின் பாலையும் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், கணக்கின் போக்கு மாறாது. தானே கத்தி எடுப்பவருக்கு ரப்பர் ஒரு தொழில். கூலிக்கு விடுபவருக்கு அது விலை மேல் வைக்கும் பந்தயம்.

இரண்டாவது செலவு, எல்லாம் ஒரே மரம் என்பது. நாம் நடுவது ஒட்டு நாற்று. 1980-ல் வெளிவந்த ஆர்ஆர்ஐஐ 105 ரகம்தான் பல ஆண்டுகள் எல்லோர் விளையிலும் நின்றது. ஒரே தாய்மரத்தின் மொட்டிலிருந்து வந்தவை என்பதால் ஒரு மரத்துக்கு ஆகாதது எல்லா மரத்துக்கும் ஆகாது. பின்னால் 414, 430 என்று வேறு ரகங்கள் வந்தன. ரப்பரே வைப்பதென்றால் இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து வையுங்கள்.

இதற்கு உலகமறிந்த ஒரு பாடம் இருக்கிறது. ரப்பரின் சொந்த ஊர் அமேசான் காடு. அங்கே இந்த மரம் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, எத்தனையோ வேறு மரங்களுக்கு நடுவே ஒன்றாக நிற்கும். ஹென்றி ஃபோர்டு 1928-ல் அதே பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெரிய தோட்டத்தை ஆரம்பித்து, ரப்பரை நெருக்கமாக நட்டார். காட்டில் ஒன்றிரண்டு மரத்தோடு நின்றுபோகும் இலைக்கருகல் நோய், அங்கே ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிக்கொண்டே போனது. 1945-ல் தோட்டத்தை நட்டத்துக்கு விற்றுவிட்டு விலகினார்கள். நம் நாட்டில் ரப்பர் பிழைத்ததற்கு ஒரு காரணம் அந்த நோய் இங்கே வந்து சேரவில்லை என்பது. ஆனால் மழைக்கால இலையுதிர்வும் இளந்தளிரில் விழும் சாம்பல் நோயும் இங்கேயே இருக்கின்றன.

மூன்றாவது, தரை. ரப்பர் முதிர்ந்தபின் அடியில் நிழல். அங்கே வருகிற கொஞ்சம் பச்சையையும் பால் வெட்ட நடக்க வசதி என்று களைக்கொல்லி அடித்துக் காயவைக்கிறோம். ரப்பர்ச் சருகு மட்டும் குவிந்து கிடக்கும் இடத்தில் அதைத் தின்னும் கறுப்பு வண்டு ஒன்று கணக்கில்லாமல் பெருகுகிறது. கேரளத்தில் முப்ளி வண்டு என்பார்கள். கோடை மழை விழுந்ததும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் வந்து ஓட்டிலும் மச்சிலும் அடையும். கடிக்காது, ஆனால் படுக்க விடாது. ஒரே சாப்பாட்டைக் குவித்து வைத்தால் அதைத் தின்பது மட்டும் பெருகும்.

அப்புறம் தேன். மார்த்தாண்டம் தேன் என்று பெயர் வாங்கிய தேனில் பெரும்பகுதி ரப்பரிலிருந்து வருவது. அது பூவிலிருந்து வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்புப் பணியோடு தொடங்கிய தேனீ வளர்ப்பு இன்று எத்தனையோ குடும்பங்களின் வருமானம். இது ரப்பருக்குப் பெருமைதான். ஆனால் சுரப்பு இரண்டு மூன்று மாதத்தோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் ரப்பர்க் காட்டில் தேனீக்குத் தின்ன ஒன்றும் இல்லை. பெட்டிக்காரர்கள் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றித்தான் காப்பாற்றுகிறார்கள்.

எப்போது சரி: ஒரு ஏக்கருக்கு மேல் இருக்கிறது, வீட்டிலேயே பால் வெட்டத் தெரிந்தவர் இருக்கிறார், ஏழு வருடம் வேறு வருமானம் உண்டு என்றால்.

### அன்னாசிக் குத்தகை

ரப்பர் வைப்பவர்களிடம் இப்போது ஒரு யோசனையோடு ஆள் வருகிறார்கள். முதல் மூன்று வருடம் இடைவெளியில் கைதச்சக்கை (அன்னாசி) நட நிலத்தைக் குத்தகைக்குக் கொடுங்கள், பதிலுக்கு ரப்பர் நாற்றையும் நாங்களே நட்டுப் பராமரிக்கிறோம் என்பார்கள். கையில் காசில்லாதவருக்கு இது கை கொடுக்கும் ஏற்பாடுதான். ஆனால் குத்தகைக்காரரின் கண் மூன்று வருட விளைச்சலில் இருக்கும், உங்கள் கண் முப்பது வருட மண்ணில் இருக்க வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாக வரப் பூக்கும் மருந்து, களைக்கொல்லி என்று அளவில்லாமல் விழும். எனக்குத் தெரிந்த ஒரு விளையில் வரிசையைச் சரிவின் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டார்கள். இரண்டாம் மழையில் ரப்பர் நாற்றின் வேர் வெளியே தெரிந்தது. கொடுப்பதென்றால் எழுத்தில் இரண்டு வரி சேருங்கள்: வரிசை சமமட்டத்தில் போட வேண்டும், என்ன மருந்து அடித்தாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

## இரட்டை வரிசை ரப்பர், நடுவே மற்றவை

இது அதிகம் பேசப்படாத வழி. ரப்பரை எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் நடாமல், இரண்டு வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடுத்த இரட்டை வரிசைக்கு முன்னால் அகலமான இடம் விடுகிறார்கள். அந்த இடத்தில் முதல் சில வருடம் ஏத்தன் வாழையும் மரச்சீனியும். ரப்பர் வளர்ந்தபின்பும் அங்கே வெளிச்சம் விழும் என்பதால் காப்பி, கொக்கோ, சேனை மாதிரி கொஞ்சம் நிழல் தாங்குகிறவை நிற்கும். மழைத் தண்ணீர் ஓடி இறங்காமல் ஆங்காங்கே நீர்க்குழியும் எடுக்கலாம்.

இதில் மறைவான செலவு கவனம்தான். பால் வெட்டுபவர் ஊடுபயிரை மிதிக்காமல் நடக்க வேண்டும். கொக்கோவுக்கும் ரப்பருக்கும் சில பூசண நோய்கள் பொது, மழைக்காலத்தில் இரண்டையும் பார்க்க வேண்டும். களைக்கொல்லியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடியாது, இதை நான் லாபமாகவே எழுதுவேன்.

எப்போது சரி: ரப்பரை விட மனமில்லை, ஆனால் ரப்பரை மட்டும் நம்பவும் பயம் என்பவருக்கு. ஒரு ஏக்கராவது இருந்தால்தான் இரண்டுக்கும் இடம் போதும்.

## தேக்கு, மகோகனி

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆசை. நட்டுவிட்டால் பார்க்க வேண்டாம், இருபது வருடத்தில் லட்சங்கள் என்று நாற்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். நட்டுவிட்டுப் பார்க்காமல் விட்ட மரம் கிளை கிளையாகப் பிரிந்து, தடியாக விற்க முடியாமல் நிற்பதை நான் பல விளைகளில் பார்த்திருக்கிறேன். முதல் ஐந்து வருடம் கவாத்தும் களையெடுப்பும் கொடியறுப்பும் வேண்டும். இருபது வருடத்துத் தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். விலையை நிர்ணயிப்பது வாங்க வருகிற வியாபாரி. நடுவில் ஒரு ரூபாய் வராது.

மலையோரத்தில் நிலம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949-ன் கீழ் அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் உரிய குழுவின் அனுமதி இல்லாமல் மரம் முறிக்க முடியாது. நடுவதற்கு முன்பே பத்திரத்தையும் கிராம நிர்வாக அலுவலகப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.

மரமே வளர்க்க ஆசையென்றால் ஒரே இனமாக வேண்டாம். அயனி (காட்டுப் பலா), சக்கை (பலா), வேங்கை, மருது, இலுப்பை, புன்னை இருக்கின்றன. அயனித் தடி படகு கட்டவும் வீட்டு வேலைக்கும் பேர் பெற்றது. பழம் குருவிக்கும் அணிலுக்கும் பிள்ளைகளுக்கும். விழும் பழத்துக்காக நாங்கள் அயனி மரத்தடியில் காத்துக் கிடந்ததை என்னால் மறக்க முடியாது. என் மகள் வகுப்பில் அந்தப் பழத்தை ருசித்தவர்கள் இரண்டே பேர்.

எப்போது சரி: வரப்போரத்திலும் சரிவின் மேல்பக்கத்திலும் நட. முழு விளையையும் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

## கலப்பு விளை

நம் தாத்தா பாட்டிமார் வைத்திருந்தது இதுதான். மேலே தென்னையும் அயனியும் சக்கையும். அவற்றில் ஏறும் நல்லமிளகு. அதற்குக் கீழே ஜாதிக்காய், கிராம்பு, குடம்புளி. கீழே ஏத்தன், மட்டி, செந்துளுவன் வாழைகள். தரையில் மரச்சீனி, சேனை, காச்சில் கிழங்கு, இஞ்சி, மஞ்சள். ஒரே இடத்தில் நாலு மாடி கட்டியது மாதிரி. மழைத்துளி மேல் மாடியில் விழுந்து, இலை இலையாக இறங்கி, மெதுவாக மண்ணைத் தொடும். வேர்களும் அப்படித்தான், வேறு வேறு ஆழத்தில். எங்கள் பக்கம் கலப்பு விளைக்கு அடுத்திருக்கும் கிணறுகளில் ஏப்ரலிலும் தண்ணீர் தெரிகிறது. விளையைத் தட்டி வீடு கட்டிய பகுதியில் மார்ச்சிலேயே வாளி அடியைத் தட்டுகிறது.

காசு வரும் வரிசையைப் பாருங்கள். மரச்சீனி எட்டு, பத்து மாதத்தில். வாழை ஒரு வருடத்துக்குள். ஓணத்துக்கு வெட்டும் மாதிரி கணக்குப் பண்ணி ஏத்தன் நட்டால் மலையாளத்துக்காரர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள். நல்லமிளகு மூன்றாம் வருடத்திலிருந்து, ஏற மரம் இருந்தால். தென்னை ஐந்து, ஆறு வருடத்தில். கிராம்பும் ஜாதிக்காயும் ஏழெட்டு வருடத்தில். ரப்பர் பால் தரத் தொடங்கும் வருடத்துக்குள் இந்த விளையில் பாதி சாமான் சந்தைக்குப் போய் வந்திருக்கும். நம் மண்ணுக்கென்று பெயரும் இருக்கிறது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரி கிராம்பு, மட்டி வாழை, மார்த்தாண்டம் தேன் எல்லாமே புவிசார் குறியீடு பெற்றவை. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு நம் மாறாமலை, கரும்பாறைப் பக்கத்து மலைகளில்தான். அதனால் கிராம்பை எல்லோரும் நடக் கூடாது. மலைக்குளிரும் ஈரமும் தேடும் மரம் அது. கருங்கல், குளச்சல் பக்கத்துச் சூட்டில் கிராம்புக்குச் செலவழிக்கும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம்.

இப்போது இதன் செலவுகள். ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலப்பு விளையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

தேங்காய் வெட்ட ஒரு ஆள், மிளகு பறிக்க ஏணியோடு ஒரு ஆள், வாழைக்குத் தடியூன்ற ஒரு ஆள். ஒவ்வொன்றுக்கும் வேறு நாள், வேறு கூலி. ஆள் கிடைக்காத மாதத்தில் மிளகு கொடியிலேயே உதிரும். விளைவது கொஞ்சம் கொஞ்சமாக என்பதால் வியாபாரி வீட்டுக்கு வர மாட்டார். பத்துக் கிலோ மிளகும் நாலு குலை வாழையும் நீங்களே தொடுவெட்டிச் சந்தைக்கோ வடசேரிக்கோ கொண்டுபோக வேண்டும். ஜாதிக்காயை விதையிலிருந்து வளர்த்தால் அது ஆண் மரமா பெண் மரமா என்று பூக்கும்போதுதான் தெரியும். ஏழு வருடம் தண்ணீர் விட்டபின் ஆண் மரம் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும். காசு கொஞ்சம் கூடினாலும் ஒட்டு நாற்றே வாங்குங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் மிளகுக்கொடி ஒரு வாரத்தில் வாடிச் சாகும். தென்னைக்கு வாடல் நோய், வெள்ளை ஈ. காட்டோரத்தில் பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் மரச்சீனியிலும் வாழையிலும் பங்கு கேட்கும். அங்கே கிழங்கைக் குறைத்து மிளகையும் கிராம்பையும் கூட்டுவது நல்லது.

ஒக்கி புயலில் எங்கள் விளையில் வாழை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு தென்னை போனது, சக்கையில் ஒரு பெரிய கொம்பு முறிந்தது. அடுத்திருந்த ரப்பர் விளையில் நடுத்தடியிலேயே முறிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வித்தியாசம் அந்த இரவில் பெரிதாகத் தெரியவில்லை. நாங்களும் அழுதோம், அவர்களும் அழுதார்கள். ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. எங்களிடம் மறுபடி வாழைக்கன்று நின்றது, மிச்சத் தென்னை காய்த்தது. அவர்கள் முதல் நாற்றிலிருந்து தொடங்கி, மறுபடியும் ஏழு வருடம் காத்திருந்தார்கள்.

உயிர்களின் கணக்கு இங்கேதான் நிறைய. தென்னையில் வருடம் முழுக்கப் பூ உண்டு. அதனால் ஒரு தேனீப்பெட்டி மழைக்காலத்தையும் தாண்டும். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற தேனீ வைரஸ் நோய் வந்து நம் மாவட்டத்துப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாம் காலியாயின; பிறகு தேனீ திரும்பிப் பெருகியது மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் தப்பிய கூட்டங்களிலிருந்து. பொந்து வேண்டுமென்றால் வயதான மரம் வேண்டும். அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்று: பழைய அயனி, புளி, சக்கை நின்றால் அதை ரப்பரோடு சேர்த்து விலை பேசாதீர்கள். விளையின் ஓரத்தில், நீர் இறங்கும் பக்கமாக, மூன்று நான்கு சென்ட்டை எதுவும் செய்யாமல் விடுங்கள். நம் ஊரில் காவு (கோயில் காடு) என்று விட்டு வைத்தார்களே, அந்த மாதிரி. பாம்பு வரும் என்று பயப்படுவார்கள். பாம்பு எலியைத் தேடி வருகிறது. மரச்சீனி போட்டவருக்கு எலியின் தொல்லை தெரியும்.

அடுப்பையும் மறக்க வேண்டாம். ஓலை, மட்டை, சிரட்டை, கவாத்துக் கம்பு என்று வீட்டு விறகு விளையிலேயே கிடைக்கும். ஒரு மாடு இருந்தால் சாணஎரிவாயுக் கலனும் சாத்தியம். கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் அதற்குப் பயிற்சி தந்து வருகிறது. கலனிலிருந்து வெளிவரும் கழிவு வாழைக்கும் மிளகுக்கும் போகும். சிலிண்டர் செலவும் உரச் செலவும் ஒன்றாகக் குறையும். 35 சென்ட்காரருக்கு இது சின்னக் காசு இல்லை.

எப்போது சரி: வீடு விளைக்குள்ளோ பக்கத்திலோ இருந்தால். தினமும் ஒரு மணி நேரமாவது நடந்து பார்க்க ஆள் இருந்தால். ஒரு ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

## ஒரே பார்வையில்

| பார்ப்பது | தனி ரப்பர் | இரட்டை வரிசை ரப்பர் | தேக்கு, மகோகனி | கலப்பு விளை |
|---|---|---|---|---|
| ஆள் | வெட்டு நாளெல்லாம் விடியற்காலை | அதோடு ஊடுபயிர் வேலை | முதல் ஐந்து வருடம் | வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் |
| முதல் காசு | ஏழாம் வருடம் | முதல் வருடம் ஊடுபயிரில் | இருபது வருடம் கழித்து | எட்டு, பத்து மாதத்தில் |
| விலை சரிந்தால் | முழு அடி | பாதி அடி | காத்திருக்கலாம் | ஒன்று போனால் ஒன்று |
| காற்று அடித்தால் | முதலிலிருந்து தொடங்க வேண்டும் | ஒரு பகுதி மிஞ்சும் | வயதைப் பொறுத்தது | வாழை போகும், மற்றவை பெரும்பாலும் நிற்கும் |
| மண், கிணறு | மூடுபயிர் இருந்தால் பரவாயில்லை | நல்லது | கீழே தரை வெறுமை | மிக நல்லது |
| மற்ற உயிர்கள் | குறைவு | நடுத்தரம் | குறைவு | நிறைய |
| விற்பது | மிக எளிது | எளிது | வியாபாரி சொல்வதே விலை | அலைச்சல் |

## அந்த மூன்று பேருக்கும்

ஆசிரியர் அந்த விளையிலேயே குடியிருக்கிறார். அவருக்குப் பால் வெட்டத் தெரியாது. ஆனால் பக்கத்தில் நம்பிக்கையான வெட்டுக்காரர் ஒருவர் பாதிப் பங்குக்கு வருகிறார். அவரிடம் முக்கால் ஏக்கரில் இரட்டை வரிசை ரப்பரும், வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் கலப்பு விளையும் வைக்கச் சொன்னேன். ரப்பர் ஆரம்பத்தில் இடைவெளியில் மூடுபயிர்க் கொடி போடுவது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கும், களையையும் அமுக்கும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக 2023-ல் கொண்டுவந்த விதியில் ரப்பரும் வருகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்று இடத்தைக் காட்டி நிரூபிக்கும்படி அது கேட்கிறது. பழைய ரப்பர் நிலம் என்பதற்கான வரி ரசீதையும் பதிவையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சித்தி மகனுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணா, ஒண்ணும் செய்யாம காசு வாற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் விளையில் மண் எடுக்கக் கேட்டு ஒரு கூட்டம் வந்திருக்கிறது. மேட்டைத் தட்டிச் சமமாக்கித் தருகிறோம், காசும் தருகிறோம் என்கிறார்கள். அது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். மரம் போனால் வைக்கலாம். மேடு போனால், அந்த மேடு பிடித்து வைத்திருந்த தண்ணீரும் போகும், கீழே இருக்கும் பத்து வீட்டுக் கிணறும் போகும். அவனுக்கு நான் சொன்னது: 60 சென்ட்டில் பாதியில் தென்னை, ஓரங்களில் அயனியும் வேங்கையும், சரிவின் மேல்பக்கம் எதுவும் செய்யாமல் விடுவது. மீதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழையும் மரச்சீனியும் போடப் பங்குக்குக் கொடுப்பது. பெரிய லாபம் வராது. ஊருக்குத் திரும்பும்போது நிலம் நிலமாக இருக்கும். இன்னும் முடிவு சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா முடிவெடுத்துவிட்டார். 35 சென்ட்டும் கலப்பு. ரப்பருக்கு விலை பேச வந்தவர் வடக்கு மூலையில் நிற்கும் இரண்டு அயனியையும் சேர்த்தால் கூடுதல் தருகிறேன் என்றார். "அது மாமியார் வச்ச மரம், அதுல மொளகு ஏத்தப் போறேன்" என்று அனுப்பிவிட்டார். போன வாரம் பேச்சிப்பாறையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் நாற்று விசாரித்துவிட்டு வந்தோம். மே மாதம் கோடை மழை மண்ணை இளக்கியதும் குழி எடுத்து, சருகும் சாணமும் போட்டு ஆறவிட வேண்டும். ஜூனில் மழை பிடித்ததும் முதலில் தென்னை, அப்புறம் ஜாதிக்காய் ஒட்டு, அயனியின் வடக்குப் பக்கத்தில் மிளகுக்கொடி. மரச்சீனிக் கம்புக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன், எங்கள் விளையில் போன வருடத்துத் தண்டு கட்டிக் கிடக்கிறது.